காந்திகிராமம் கண்ட சௌந்தரம் அம்மையார்

தம் பொருளைப் பிறர்க்கு ஈவாரை உலகம் விரைவில் அறிந்து போற்றும். பலர் கூடி அறத்திற்கென்று அளித்த பொருளைத் தமதென்று கருதாது, அஃது எவர்க்கு உரியதோ அவரைச் சென்று சேருமளவும் விழிப்போடு காத்து நிற்பாரை உலகம் அத்துணை விரைவில் அறிவதில்லை. அன்னோரை அறங்காவலர் என்பர். ஊதியம் வேண்டாது, உரிமையும் கொண்டாடாது, பொறுப்பை மட்டும் ஏற்று நிற்பதே அவர்தம் கடன். அக்கடனையே தம் வாழ்வாகக் கொண்டவர் டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையார்.

திண்டுக்கல்லிலிருந்து தெற்கே மதுரை நோக்கிச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் சின்னாளபட்டி என்னும் ஊர் உள்ளது. நெசவிற்குப் பேர்பெற்ற ஊர் அது. கிழக்கே சிறுமலை எழுந்து நிற்கும். மேற்கே பழனிமலைத் தொடர் நீலநிறமாய்த் தோன்றும். தெற்கே நிலக்கோட்டை வரையில் பரந்து கிடக்கும் சமவெளியில், கிணற்று நீரை நம்பிய தோட்டங்களும் வானத்தை நம்பிய புன்செய்களும் மாறி மாறி வரும். சின்னாளபட்டியை அடுத்து, அம்பாத்துரை இரயில் நிலையத்தின் அருகே, காந்திகிராமம் அமைந்துள்ளது. மருத்துவமனையும், ஆதரவற்ற குழந்தைகட்கு இல்லமும், பள்ளிகளும், பல்கலைக்கழகமும் இன்று அங்கே உள்ளன. இவற்றுள் ஒன்றேனும் 1947-ஆம் ஆண்டிற்கு முன் அங்கு இருந்ததில்லை. இவையெல்லாம் தோன்றிய வரலாறே அம்மையாரின் வரலாறு.

சௌந்தரம் அம்மையார் 1904-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் டி. வி. சுந்தரம் ஐயங்கார், திருநெல்வேலிச் சீமைத் திருக்குறுங்குடியைச் சேர்ந்தவர், மதுரையில் மோட்டார்த் தொழிலில் பெருநிறுவனம் கண்டு புகழ்பெற்றவர். தாயார் இலட்சுமி அம்மாள். செல்வம் நிறைந்த அம்மனையில் அம்மையார் குறைவென்பதை அறியாது வளர்ந்தார். அக்கால வழக்கப்படி இளமையிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் டாக்டர் சௌந்தரராசன், மருத்துவம் கற்றவர். மனைவியின் அறிவு நலத்தைக் கண்டு மகிழ்ந்தவர்.

அவ்வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. பிளேக் என்னும் கொள்ளைநோய் ஊர்களை அலைத்த காலம் அது. அந்நோய்க்கு அம்மருத்துவரும் இரையானார். இருபது வயதளவில் அம்மையார் கைம்மை உற்றார்.

அந்நாளில் கணவனை இழந்த பெண்ணின் நிலை எத்தகையது? அவள் மங்கல நிகழ்ச்சிகளில் முன்னிற்றல் ஆகாது. மீண்டும் மணத்தல் ஆகாது. வெளியூர் சென்று கற்றல் எண்ணவும் ஆகாது. வீட்டின் ஒரு மூலையே அவளுக்கு உலகம். செல்வர் வீட்டுப் பெண்ணுக்கும் இவ்விதி ஒன்றே. எனினும் அம்மையார் துயரில் மூழ்கிக் கிடந்தாரல்லர். கணவரைக் கொண்டுசென்ற நோயையும், அத்தகைய நோய்கட்கு இடந்தரும் அறியாமையையும் எதிர்த்து நிற்க வேண்டுமாயின், தாம் மருத்துவம் கற்றல் வேண்டும் என்று துணிந்தார். ஊரார் பேச்சைப் பொருட்படுத்தாது பெற்றோரும் அவருக்குத் துணை நின்றனர். தில்லியில் பெண்களுக்கென 1916-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் அம்மையார் சேர்ந்தார். தம்மினும் வயதில் இளைய மாணவியரோடு ஒருங்கமர்ந்து கற்று, 1936-ஆம் ஆண்டில் மருத்துவராகத் தேறினார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டை எட்டிக்கொண்டிருந்தது.

தில்லியில் சுசீலா நய்யார் அவருக்குத் தோழியானார். இவர் காந்தியடிகளின் அணுக்கத் தொண்டருள் ஒருவர். அத்தோழமை வாயிலாக, அடிகளின் நெறியில் நின்ற ஜி. இராமச்சந்திரனை அம்மையார் அறிந்தார். கேரள நாட்டில் பிறந்து, தாகூரின் சாந்திநிகேதனத்தில் பயின்று, தீண்டாமை ஒழிப்பிற்கு உழைத்து வந்தவர் அவர். இருவரும் மணந்துகொள்ள விரும்பினர். குலம் வேறு, மொழி வேறு. மணமகளோ கணவனை இழந்தவர். பெற்றோர் மனம் இதற்கு எளிதில் இசையவில்லை. செய்தி காந்தியடிகளிடம் சென்றது. அடிகள் உடனே வாழ்த்தவுமில்லை; தடுக்கவுமில்லை. ஓராண்டுக் காலம் இருவரும் ஒருவரையொருவர் காணாமலும் கடிதம் எழுதாமலும் இருந்து, பின்னும் உள்ளம் மாறாதிருப்பின் மணக்கலாம் என்று பணித்தார். இருவரும் அவ்வாறே காத்திருந்தனர். உள்ளம் மாறவில்லை. 1940-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் சேவாகிராமத்தில் அடிகளின் முன்னிலையில் அத்திருமணம் எளிய முறையில் நடைபெற்றது. 1942-ஆம் ஆண்டில் எழுந்த வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் இருவரும் ஈடுபட்டனர்.

1944-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22-ஆம் நாள், புனே நகரில் ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபாய் அம்மையார் உயிர் நீத்தார். அவர் நினைவாக நாடெங்கும் மக்கள் பொருள் திரட்டினர். செல்வர் பெருந்தொகை ஈந்தனர். ஏழைகள் தம்மால் இயன்ற காசினை ஈந்தனர். அப்பொருளைக் கொண்டு தலைநகரில் ஒரு மணிமண்டபமோ சிலையோ எழுப்பியிருக்கலாம். காந்தியடிகள் அதற்கு உடன்படவில்லை. அப்பொருள் முழுதும் சிற்றூர்ப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பயன்பட வேண்டும். அப்பணியைச் செய்வோரும் இயன்றவரை பெண்களாகவே இருத்தல் வேண்டும் என வகுத்தார். இவ்வாறு தோன்றியது கஸ்தூரிபாய் காந்தி தேசிய நினைவு அறக்கட்டளை. அதன் தென்னாட்டுப் பிரதிநிதியாக அடிகள் தேர்ந்தெடுத்தது சௌந்தரம் அம்மையாரையே.

இப்பதவியின் தன்மையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். இஃது ஊதியம் தரும் உத்தியோகம் அன்று. ஆணையிட்டு அமர்ந்திருக்கும் அதிகாரமும் அன்று. எவ்வூரில் எத்தேவை உளதென்று நேரில் சென்று அறிதல், உழைக்க முன்வரும் பெண்களைத் தேர்ந்து பயிற்றுவித்தல், செலவாகும் ஒவ்வொரு காசிற்கும் கணக்கு வைத்தல், ஈந்தவர்க்கும் பெறுபவர்க்கும் ஒருங்கே விடை கூறக் கடமைப்பட்டிருத்தல் ஆகியவை அதன் கூறுகள். ஏழை ஒருவன் நினைவுநிதிக்கு இட்ட காசு, பிள்ளை பெறும் ஏழைப் பெண்ணின் உயிரைக் காக்க வேண்டிய காசு. அதனை வீணாக்கினால் வீணாவது பொருள் மட்டும் அன்று. செல்வத்தில் பிறந்து வளர்ந்த அம்மையார், ஏழையின் பொருளைச் செல்வரின் பொருளினும் பெரிதாக மதிக்கக் கற்றார்.

அக்காலத்துச் சிற்றூர்களில் மகப்பேறு என்பது உயிர்ப்போராட்டமாகவே இருந்தது. காற்றும் ஒளியும் புகாத அறையில், பயிற்சி பெறாத முதியவள் துணையோடு பெண்கள் பிள்ளை பெற்றனர். இடர் நேர்ந்தால் கட்டை வண்டியிலேற்றிப் பல கல் தொலைவு கொண்டு செல்ல வேண்டும். வண்டி நகரை அடையுமுன்னரே தாயும் சேயும் மடிவதுண்டு. இக்கொடுமையை விதி என்று கூறி மக்கள் ஆறியிருந்தனர். இது விதியன்று, தூய்மையின்மையும் அறியாமையும் மருத்துவர் இன்மையுமே என்பதை அம்மையார் நன்கறிவார். மதுரை போன்ற நகரில் மருத்துவமனை அமைத்திருந்தால் புகழும் பொருளும் அவரைத் தேடி வந்திருக்கும். அவரோ சின்னாளபட்டியில் ஒரு சிறு மருந்தகத்தைத் தொடங்கினார்.

நாடு விடுதலை பெற்று இரண்டு திங்களும் நிரம்பாத நிலையில், 1947-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 7-ஆம் நாள், அம்மையாரும் அவர்தம் கணவரும் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். நான்கு திங்களுக்குள் காந்தியடிகள் மறைந்தார். தம் பெயரால் எழுந்த ஊரை அடிகள் ஒருநாளும் கண்டாரில்லை. தலைவர் மறைந்தபின் ஊக்கம் குன்றித் தேய்ந்த பணிகள் நாட்டில் பல. காந்திகிராமமோ வளர்ந்தது. மருந்தகம் கஸ்தூரிபாய் மருத்துவமனையாயிற்று. கிராம சேவிகையர்க்குப் பயிற்சி அளிக்கப்பெற்றது. தாய் தந்தையற்ற குழந்தைகட்குச் சௌபாக்கிய இல்லம் தாயாயிற்று. கையால் தொழில் செய்துகொண்டே கற்கும் ஆதாரக் கல்வி அங்கே வேரூன்றியது. கதரும் கைத்தொழிலும் பலர்க்கு ஊண் அளித்தன. 1956-ஆம் ஆண்டில் கிராமியக் கல்வி நிலையம் தோன்றியது. சிற்றூர் இளைஞர் உயர்கல்வி பெற்றுச் சிற்றூர்க்கே உழைத்தல் வேண்டும் என்பது அதன் நோக்கம். 1959-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுக் கருப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவிற்கு வந்தபோது, காந்திகிராமத்தையும் கண்டு சென்றார்.

இத்தனை பணிகளையும் ஒருவர் தனித்து நடத்தல் இயலாது. இதனை அம்மையார் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். தனியொருவர் தொடங்கும் நற்பணி, அவர் உள்ளளவும் நடந்து, அவரோடு முடிவதே பெரும்பான்மை. பலர் கூடிய குழு ஒன்று சட்டப்படி பொறுப்பேற்குமாயின், ஒருவர் மறையினும் மற்றவர் அதனைத் தொடர்வர். ஆதலின் காந்திகிராமம் அறக்கட்டளையாகவே அமைந்தது. கருத்து வேறுபாடு எழுந்த இடத்தும் கூடிப் பேசி முடிவு காண்பதே அத்தகைய குழுவிற்கு உயிர்நாடியாம். தம் குடும்பத்தின் உடைமை என்று கூறுதற்கு அம்மையார் அங்கே ஒன்றையும் அமைத்துக்கொள்ளவில்லை.

சிற்றூர்ப் பணியில் தேர்ந்த அம்மையாரை மக்கள் சட்டமன்றத்திற்கு அனுப்பினர். 1952-ஆம் ஆண்டில் ஆத்தூர்த் தொகுதியினின்றும், 1957-ஆம் ஆண்டில் வேடசந்தூர்த் தொகுதியினின்றும் அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1962-ஆம் ஆண்டில் திண்டுக்கல் தொகுதியினின்றும் நாடாளுமன்றம் சென்று, நேருவின் அமைச்சரவையில் கல்வித்துறைத் துணையமைச்சரானார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தது.

ஒரு மூலையில் நிகழும் தொண்டு நாட்டின் கொள்கைக்கு வழிகாட்டுதல் கூடுமோ என்று ஐயுறுவார் உளர். ஆத்தூர் வட்டாரமே அதற்கு விடையாகும். 1959-ஆம் ஆண்டில் அங்கே முன்னோடிச் சுகாதாரத் திட்டம் ஒன்றைக் காந்திகிராமம் மேற்கொண்டது. பணியாளர் ஊர்தோறும் சென்று பிறப்பையும் இறப்பையும் கணக்கெடுத்தனர். தாய்சேய் நலத்தையும் குடும்ப நலத்தையும் வீடு வீடாக எடுத்துரைத்தனர். எம்முறை மக்களிடம் பயன் தருகிறது, எம்முறை பயன் தருவதில்லை என்பதை அவர்கள் ஆய்ந்து அறிந்தனர். இதன் வளர்ச்சியாக 1964-ஆம் ஆண்டில் கிராமிய சுகாதாரத்திற்கும் குடும்ப நலத்திற்கும் தனி நிறுவனம் ஒன்று அங்கே எழுந்தது. பிற மாநிலத்தவரும் அங்கு வந்து பயிற்சி பெற்றனர். மக்களுக்காக வகுக்கும் திட்டம், மக்களை நேரில் அறிந்தபின் வகுக்கப்படுதல் வேண்டும் என்னும் உண்மை இதனால் விளங்கும்.

1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மையார் வெற்றி பெறவில்லை. பதவியின்மையைப் பெருங்குறையாகக் கருதி வாடுவோர் பலர். அம்மையார்க்கோ பதவிக்கு முன்னரும் பணி இருந்தது, பின்னரும் இருந்தது. அவர் வாழ்நாளிலேயே, 1976-ஆம் ஆண்டில், கிராமியக் கல்வி நிலையம் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. எண்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1984-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். 2005-ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளில் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

இருபது வயதில் வீட்டின் மூலைக்கு உரியவர் என்று உலகம் ஒதுக்க இருந்த ஒருவர், பல்லாயிரம் தாய்மார்க்குப் பற்றுக்கோடானார். வள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரம் வகுத்து, ஊரோடு ஒன்றி உதவும் பண்பினை உயர்த்திக் கூறினார். அப்பண்பிற்குச் செல்வம் மட்டும் போதாது. தனதல்லாததைத் தனதினும் கருத்தாகக் காக்கும் நேர்மையும் வேண்டும். ஊர்ச் சங்கத்தின் கணக்கேடு, பள்ளி மன்றத்தின் சிறு நிதி, பொதுநூலகத்தின் ஒரு நூல் ஆகிய இவையும் அறப்பொருளே. இவற்றைக் காக்கும் பொறுப்பு நாளை மாணவர் கைக்கு வரும். அப்பொழுது சௌந்தரம் அம்மையாரின் வாழ்வை நினைந்து, அப்பொறுப்பினை மகிழ்ந்து ஏற்று, வழுவாது ஆற்றுதல் நம் கடமையாகும்.