கல்லில் எழுதிய வாழ்க்கை: ஆர்தர் பெனிசன் ஹப்பேக்

பாலிங் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகள் கோலாலம்பூருக்குப் படிக்கப் புறப்படும்போது, கிரிக், லெங்கோங் வழியாக இறங்கினால் கோலகங்சார் வந்து சேரும். அங்கே புக்கிட் சண்டான் மேட்டில் பொன்னிறக் குவிமாடத்துடன் நிற்கிறது உபுடியா பள்ளிவாசல். அதைப் பார்த்து வியந்தவர்கள் நம்மில் பலர். அதை வரைந்தவர் யார் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

அவர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். 1871இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். தந்தை அந்நகரின் மேயராக இருந்தவர். நகரின் கட்டடக் கலைஞரிடமே தொழில் பழகிய ஹப்பேக், 1895இல் சிலாங்கூர் பொதுப்பணித் துறைக்குத் தலைமை வரைவாளராக வந்து சேர்ந்தார். அப்போது வயது இருபத்து நான்கு. இன்று நாம் பட்டம் வாங்கி வேலை தேடும் வயது!

அந்தத் துறையின் தலைமைப் பொறியாளர் ஸ்பூனர், இலங்கையில் பணியாற்றிவிட்டு வந்தவர். இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என்று நாம் அழைக்கும் அரசு அலுவலகத்துக்கு வளைவுகளும் குவிமாடங்களும் வேண்டுமென்று விரும்பியவர் அவரே. நோர்மன் என்பவரின் பெயரில் எழுந்த அக்கட்டடம் 1897இல் முடிந்தது. அந்தப் பணியில் ஹப்பேக்கும் கைகொடுத்தார். இந்தியாவின் முகலாயப் பாணி மலாயாவுக்கு இப்படித்தான், வெள்ளைக்கார அதிகாரிகளின் வழியாக வந்து இறங்கியது. இங்கே வாழ்ந்த மலாய்க்காரர்களின் மரவீட்டுக் கலையை அவர்கள் பெரிதாக எண்ணாதது ஒரு குறை என்றே எனக்குப் படுகிறது.

ஸ்பூனரின் காலத்தில்தான் யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் இந்நாட்டு இரயில்வேயிலும் பொதுப்பணியிலும் சேர்ந்தார்கள். தண்டவாளம் போட்டதும் சாலைக்குக் கல்லுடைத்ததும் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்கள். ஹப்பேக்கின் வரைபடங்கள் காப்பகங்களில் இருக்கின்றன. அந்தக் கைகளின் பெயர்கள் எங்கே?

பின்னர் ஹப்பேக் கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கக் கட்டடக் கலைஞரானார். ஆறுகள் கூடுமிடத்தில் ஜாமெக் பள்ளிவாசல் 1909இல் திறக்கப்பட்டது. கோலாலம்பூர் இரயில் நிலையம் 1910இல் எழுந்தது. ஈப்போ நகர மண்டபமும் இரயில் நிலையமும் அவர் கைவண்ணமே. ஹாங்காங் கவுலூன் நிலையத்தையும் அவரே வரைந்தார். அங்கே இன்று மணிக்கூண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. கெடாவில் அவர் பணி செய்யாததற்குக் காரணம் உண்டு. 1909 வரை அது சயாமின் ஆதிக்கத்தில் இருந்தது. பிறகும் கூட்டு மாநிலங்களில் சேரவில்லை.

உபுடியாவின் கதையோ தனிக்கதை. பேராக் சுல்தான் இட்ரிஸ் நோயிலிருந்து மீண்டால் கட்டுவதாக நேர்ந்துகொண்ட பள்ளிவாசல் அது. 1913இல் வேலை தொடங்கியது. இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை, சண்டையிட்ட இரண்டு யானைகள் மிதித்து நொறுக்கின என்பார்கள். அதற்குள் முதல் உலகப் போர் மூண்டது. சுல்தான் 1916இல் மறைந்தார். தாம் நேர்ந்த கட்டடத்தை முடிந்த நிலையில் அவர் காணவில்லை. 1917இல்தான் அது நிறைவுற்றது. செலவு ஏறத்தாழ 2,00,000 டாலர்.

அவ்வேளையில் ஹப்பேக்கும் இங்கில்லை. போர்முனைக்குச் சென்று பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்திருந்தார். கோடும் அளவுகோலும் பிடித்த கை துப்பாக்கிப் படைக்குக் கட்டளையிட்டது! அவருடைய தம்பி தியோடர் ஹப்பேக், மலாயாக் காட்டு விலங்குகளுக்காக வாதாடியவர். இன்றைய தாமான் நெகாரா அமையக் காரணமானவர்களுள் முக்கியமானவர்.

ஹப்பேக் 1948இல் இங்கிலாந்தில் காலமானார். கோலாலம்பூரின் முதன்மை நிலையம் என்ற இடம் 2001இல் சென்ட்ரலுக்குப் போய்விட்டது. பழைய நிலையத்தில் இன்றும் கொமுட்டர் வண்டிகள் நிற்கின்றன. அடுத்த முறை அங்கே இறங்கினால், அவசரமாகப் படியேறாமல் மேலே அந்த வளைவுகளை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.