எலும்பையும் விடவில்லை!

1580ஆம் ஆண்டு. போர்ச்சுகீசியர் ஆண்ட கோவா. மத விசாரணை மன்றத்தார் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். உள்ளே கிடந்தவர் மாண்டு 12 ஆண்டுகள். எலும்புகளைப் பொறுக்கி எடுத்தார்கள், தீயிலிட்டுக் கொளுத்தினார்கள். கொலைகாரரா அவர்? கொள்ளைக்காரரா? இல்லை தோழர்களே, மருத்துவர்!

பெயர் கார்சியா த ஓர்த்தா. பெற்றோர் யூதர், 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டுப் போர்ச்சுகலில் புகுந்தவர்கள். அங்கும் 1497இல் யூதரைக் கட்டாயமாகக் கிறித்தவராக்கினார்கள். மதம் மாறியும் தீட்டுப் போகவில்லை! புதுக் கிறித்தவர் என்று முத்திரை குத்தி, பிள்ளை பேரன் வரை வேவு பார்த்தார்கள். பிறப்பைத் துருவி மனிதனைத் தரம் பிரிக்கும் தந்திரம் நமக்கென்ன புதிதா?

ஓர்த்தா ஸ்பெயினில் மருத்துவம் கற்றார். லிஸ்பனில் ஆசிரியராக இருந்தார். 1534இல் கப்பலேறிக் கோவா வந்தார். முப்பதாண்டுக்கு மேல் இந்நாட்டில் வைத்தியம். அகமதுநகர் சுல்தானே அவரிடம் மருந்துண்டவர். நம் நாட்டு வைத்தியரிடமும் வணிகரிடமும் கேட்டுக் கேட்டுக் குறித்தார். 1563இல் கோவாவிலேயே நூலாக அச்சிட்டார். பண்டிதர் மட்டும் படிக்கும் லத்தீனில் அல்ல, தம் தாய்மொழியில், இருவர் உரையாடும் முறையில்! மிளகு, சுக்கு, ஏலம், பெருங்காயம், கற்பூரம், புளி, கடுக்காய் - நெல்லையில் நாட்டு மருந்துக் கடைக்காரர் திறக்கும் பெட்டியெல்லாம் அந்த நூலில் உண்டு. வாந்திபேதி எப்படி வரும், எப்படிக் கொல்லும் என்பதும் உண்டு.

ஐரோப்பாவிலோ, பழைய கிரேக்க ஆசான் கேலன் சொன்னதே மருத்துவ வேதம். ஓர்த்தா, ஏட்டில் உள்ளதை விடக் கண்ணால் கண்டதே பெரிது என்றார். ஸ்பெயினில் இருந்திருந்தால் இப்படிச் சொல்லத் துணிந்திருக்க மாட்டேன் என்றும் எழுதிவைத்தார். ஏட்டை மறுக்கக் கடல் தாண்டி வரவேண்டியிருந்தது அந்த அறிஞருக்கு!

ஆனால் அவரைத் தொடர்ந்து அந்த மன்றமும் 1560இல் கோவாவுக்கு வந்துவிட்டது. 1568இல் ஓர்த்தா இறந்தார். மறு ஆண்டே தங்கை கத்தரீனாவைத் தீயிட்டுக் கொன்றார்கள். உறவினரை விசாரித்து வாக்குமூலம் வாங்கினார்கள்: வெளியே கிறித்தவர், உள்ளே யூதர்! வைத்தியத்தில் பிழை கண்டார்களா? பேச்சே இல்லை.

ஐரோப்பாவிலும் அதே கூத்துதான். ஜெர்மானிய மருத்துவர் ஃபுக்ஸ் மூலிகை நூல் எழுதினார். புராட்டஸ்டண்டு என்பதற்காக, 1559இல் ரோம் வெளியிட்ட தடைப் பட்டியலில் அவர் நூல்களெல்லாம் ஏறின. தடை போட்டார்களே தவிர, நோய் கேட்குமா? மருத்துவர்கள் மனுப்போட்டு அனுமதி பெற்றுப் படித்தார்கள். பல ஏடுகளில் ஆசிரியர் பெயரை மட்டும் மையால் அடித்தார்கள். மருந்து வேண்டும், எழுதியவன் பெயர் வேண்டாம்!

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் அந்நாளில் மருத்துவமனை கண்ட என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியாரும் யூத வழியினரே. 1578இல் கொல்லத்தில் தமிழ் நூலை அச்சேற்றியவர். ஏசு சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே சபை 1593இல் யூத வழிவந்தவருக்குக் கதவடைத்தது.

ஓர்த்தாவின் நூலை 1567இலேயே குளூசியஸ் என்ற அறிஞர் லத்தீனில் சுருக்கி வெளியிட்டிருந்தார். ஐரோப்பா முழுவதும் படித்தது. போர்ச்சுகீசிய மொழியில் அது மறுபடி அச்சானது 1872இல். இடையே 309 ஆண்டுகள்! லிஸ்பனுக்கு எதிர்க்கரையில் அல்மாடா நகரில் 1991இல் ஒரு பெரிய அரசு மருத்துவமனை திறந்தார்கள். அதற்குச் சூட்டிய பெயர், கார்சியா த ஓர்த்தா.