ஏர் பிடித்த குடியில் பிறந்த முதல்வர்

விழாக் காலங்களில் முன்னோரை நினைப்பது நம் மரபு. நமக்கு முன்னே இம்மண்ணைத் திருத்தி, மேடு பள்ளம் சமன் செய்து, விதைத்தவர்களின் உழைப்பால்தான் நாம் உண்கிறோம். ஜவ்வாது மலையில் சாமையும் தினையும் விளைத்து வாழும் காவலூர் மக்களாகிய நாம், இந்த மலரில் உழவர் குடியில் தோன்றிய ஒரு பெரியவரை நினைவுகூர விரும்புகிறோம். அவர் நம் சமயத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் உழுதுண்டு வாழ்பவர் எவர்க்கும் அவர் முன்னோரே. அவர்தாம் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் என்னும் சிற்றூரில் 1895ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அவர் பிறந்தார். அன்று அது தென்னார்க்காடு மாவட்டம். இன்று விழுப்புரம் மாவட்டம். வானம் பார்த்த வெள்ளாமையும் ஏரிப் பாசனமும் கலந்த பகுதி அது. மழை தவறினால் குடியானவன் படும் பாடு என்ன என்பதை அவர் ஏட்டில் படித்து அறிந்தவர் அல்லர். கண்ணால் கண்டு வளர்ந்தவர். காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்து, கதருடுத்தி, எளிய தொண்டராகவே நாட்டுப் பணி ஆற்றினார். திருவண்ணாமலை இரமண மகரிஷியிடத்தும் வடலூர் வள்ளலாரின் நெறியிலும் அவருக்கு ஆழ்ந்த பற்று உண்டு.

பதவியை அவர் தேடிச் செல்லவில்லை. பிறர் வற்புறுத்தவே, தயக்கத்தோடு இசைந்து, 1947 மார்ச் 23ஆம் நாள் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். மாகாண முதல்வரைப் பிரதமர் என்றே அழைத்த காலம் அது. ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் தென்கன்னடமும் அடங்கிய பெரிய மாகாணம். ஐந்து மாதங்களில் நாடு விடுதலை பெற்றது.

அக்காலத்து உழவர் நிலையை இளைய தலைமுறை அறிந்திருக்க வேண்டும். ஆங்கிலேயர் 1802இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, மாகாணத்தின் பல பகுதிகளில் அரசுக்கும் உழவனுக்கும் நடுவே ஜமீன்தார் இருந்தார். அவர் அரசுக்குச் செலுத்த வேண்டிய தொகை மாறாதது. குடிகளிடம் வாங்கிய வாரமோ கூடிக்கொண்டே போயிற்று. பக்கத்து ஊர் உழவன் நேரே சர்க்காருக்குக் கிஸ்தி கட்டுவான். ஜமீன் ஊர் உழவன் அதே தரமான நிலத்துக்குப் பல மடங்கு கட்டுவான். 1908ஆம் ஆண்டுச் சட்டம் ஓரளவு பாதுகாப்புத் தந்ததேயன்றி, சுமையை இறக்கவில்லை.

ஓமந்தூராரின் அரசு முதலில் 1947இல் ஒரு சட்டம் இயற்றி, ஜமீன் ஊர்களின் வாரத்தை அரசு நிலங்களின் தீர்வை அளவுக்குக் குறைத்தது. அடுத்து, 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் ஜமீன் முறையையே ஒழித்தது. ஜமீன்தார்களுக்கு இழப்பீடு தரப்பட்டது. உழவன் அரசிடமிருந்து நேரே பட்டா பெற வழி பிறந்தது. சொந்த நிலமற்ற கூலியாட்களுக்கு அச்சட்டம் நிலம் தரவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் ஒன்றரை நூற்றாண்டாகக் குடியானவன் கழுத்தில் கிடந்த நுகத்தடி இறங்கியது.

தாழ்த்தப்பட்ட மக்கள் ஆலயங்களில் நுழையும் உரிமையும், பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்த சட்டமும் அதே 1947இல் வந்தன. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பாரதியாரின் நூல்கள் எவருடைய தனியுடைமையும் ஆகாமல் நாட்டுக்குரியனவாக 1949இல் வழி செய்ததும் அவ்வரசே.

இத்தனை செய்தவருக்கு எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. சிபாரிசு என்று வந்தவர் தம் கட்சிக்காரரேயாயினும் அவர் இணங்கவில்லை. வேண்டியவருக்கு ஒரு நீதி, வேண்டாதவருக்கு ஒரு நீதி என்பது அவரிடம் இல்லை. அதனால் சொந்தக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் பலரே அவர்மேல் மனக்குறை கொண்டனர். வளைந்து கொடுத்திருந்தால் அவர் நாற்காலியில் நீடித்திருக்கலாம். அவர் வளையவில்லை. 1949 ஏப்ரல் 6ஆம் நாள் பதவியை விட்டு இறங்கினார். இரண்டே ஆண்டுகள்தாம் அவரது ஆட்சி.

பின்னர் அவர் பதவியை நாடவில்லை. 1867இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாது எரியும் வடலூரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் கல்வியும் அளிக்கும் பணியில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார். 1970 ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்தார். சென்னையில் அவர் பெயர் தாங்கிய ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் இன்று பெரிய அரசு மருத்துவமனை இயங்குகிறது. நம்மில் சிலர் சிகிச்சைக்காக அங்குச் சென்றிருக்கலாம். அப்பெயர் யாருடையது என்று எண்ணியிருக்க மாட்டோம்.

நம் பிள்ளைகள் இன்று படித்து அலுவலர்களாகிறார்கள். ஊராட்சிப் பொறுப்புகளும் ஏற்கிறார்கள். அது நமக்குப் பெருமை. உயர்ந்த இடத்தை அடையும்போது ஏர் பிடித்தவனை மறவாதிருப்பதும், இறங்க வேண்டிய நேரத்தில் கறையற்ற கையோடு இறங்குவதும் அதனினும் பெருமை. பட்டாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெரியவரை நன்றியோடு நினைப்போமாக.