கித்தார் வாசிக்கத் தெரியாத கித்தார்க்காரர்

கித்தார் வாசிக்கத் தெரியாத ஒருவர் கித்தார் உலகையே புரட்டிப்போட்டார் என்றால் நம்ப முடிகிறதா? நம்பித்தான் ஆக வேண்டும், நண்பர்களே! அவர் பெயர் லியோ ஃபெண்டர். பேரவை இதழில் கவிஞர்களைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. வானொலிப் பெட்டி பழுதுபார்த்த ஒருவருக்கும் சில பக்கங்கள் ஒதுக்கிய ஆசிரியர் குழுவுக்கு என் நன்றி.

பட்டம் பெற்று வேலைக்குப் போன பிறகு, வார இறுதிகளில் வீட்டு முன்கூடத்திலேயே மின்கித்தார் ஒன்றைச் செய்து முடித்தேன். நியாத்தோ மரப்பலகையை வாங்கி அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் அடித்து, கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து முடிக்கச் சில மாதங்கள் ஆயின. தச்சுவேலை அறியாத என்னைப் போன்றவனாலும் இது முடிகிறதே, எப்படி? அந்தக் கேள்விதான் என்னை லியோவிடம் அழைத்துச் சென்றது.

1909 ஆகஸ்ட் 10. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் அனஹெய்முக்கும் ஃபுல்லர்ட்டனுக்கும் அருகே ஓர் ஆரஞ்சுத் தோட்டம். அங்கிருந்த களஞ்சியக் கொட்டகையில் பிறந்தார் கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர். சிறுவனாக இருந்தபோதே நோயால் ஒரு கண்ணை இழந்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்தான். 1922-இல், வாகன மின்சாரப் பட்டறை நடத்திய மாமா, வீட்டிலேயே செய்து வைத்திருந்த ஒரு வானொலியை அவருக்குக் காட்டினார். அதன் ஒலி பையனை அப்படியே கட்டிப்போட்டது. பியானோவும் சாக்ஸபோனும் கொஞ்சம் பழகினார்; கித்தாரைத் தொடவில்லை. பள்ளி நாள்களிலேயே அக்கம்பக்கத்தாரின் வானொலிகளைப் பழுதுபார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஆனால் கல்லூரியில் அவர் படித்தது என்ன தெரியுமா? கணக்கியல்! மின்னியலுக்கென்று எந்த வகுப்பிலும் அவர் உட்கார்ந்ததில்லை. 1934-இல் எஸ்தரை மணந்தார். அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். பார்த்துவந்த கணக்கர் வேலையும் பறிபோனது. 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டனில் ஃபெண்டர் வானொலிப் பழுதுபார்ப்புக் கடையைத் திறந்தார். படித்த துறையில் வேலை கிடைக்காமல் தவிக்கும் நம் பட்டதாரித் தம்பி தங்கைகள் இந்த இடத்தில் சற்று நின்று வாசிக்கலாம்.

கடைக்கு வந்த இசைக் கலைஞர்கள் உடைந்த ஒலிபெருக்கிகளோடு தங்கள் குறைகளையும் கொண்டுவந்தார்கள். அக்காலக் கித்தாரின் உடல் கூடாக இருக்கும். ஒலியைக் கூட்டினால் ஒலிபெருக்கியின் அதிர்வே அந்தக் கூட்டுக்குள் புகுந்து ஊளையிடத் தொடங்கிவிடும். உடலைக் கெட்டியான பலகையாக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறைந்துவிடும். ஒலியை எடுக்கப் பிக்கப் போதும். ஐந்தாம் படிவ இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் படித்தோமே, அதுதான் இது. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிவிட்டால், மேலே எஃகுத் தந்தி அதிரும்போதெல்லாம் கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது.

1943-இல் லியோவும் நண்பர் டாக் காஃப்மனும் ஒரு பிக்கப்பைச் சோதிப்பதற்காகவே மரக்கட்டையில் முரட்டுத்தனமாய் ஒரு கித்தார் செய்தார்கள். பார்க்க அழகில்லை. ஆனாலும் உள்ளூர்க் கலைஞர்கள் அதை வாடகைக்கு எடுத்துச் சென்றார்கள்! 1945-இல் இருவரும் கூட்டாகத் தொழில் தொடங்கினர். மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய்க் கித்தார்களும் ஒலிபெருக்கிகளும் செய்தனர். கடன் ஏறிவிடுமோ என்று அஞ்சிய டாக் 1946-இல் விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெருமந்தத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. லியோவோ தனியே தொடர்ந்தார்.

கெட்டி உடல் மின்கித்தாரைக் கண்டுபிடித்தவரே லியோதான் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. லெஸ் பால், பால் பிக்ஸ்பி போன்றோர் அவருக்கு முன்பே செய்துவிட்டனர். லியோ செய்தது வேறு. பட்டறையில் வரிசையாகச் செய்து குவிக்கவும், கெட்டுப்போனால் எளிதில் பழுதுபார்க்கவும் ஏற்றதாய் அதை அமைத்தார். அதுவரை கித்தாரின் கழுத்தை உடலோடு பசைவைத்து ஒட்டுவதே கைதேர்ந்தவர்களின் வழக்கம். லியோ நான்கு திருகாணிகளால் முடுக்கிவிட்டார்! கழுத்து கெட்டால் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம். வானொலி பழுதுபார்த்தவருக்கே உரிய புத்தி இது. அவருடைய படைப்புகளிலேயே ஆகப் பெரியது இந்த நான்கு திருகாணிகள்தான் என்பேன். நானும் கழுத்தைத் தனியே வாங்கி அப்படித்தான் பூட்டினேன். 25½ அங்குலத் தந்தி நீளத்துக்குப் பாலம் எங்கே அமர வேண்டும் என்று மட்டும் இரண்டு மூன்று முறை அளந்துகொண்டால் போதும். அந்த 25½ அங்குலமும் அவர் பட்டறையின் அளவே.

1950-இல் எஸ்கொயர், பிராட்காஸ்டர் என்னும் பெயர்களில் கித்தார்கள் வெளிவந்தன. மேப்பிள் கெட்டியான மரமாயிற்றே, கழுத்துக்குள் இரும்புக்கம்பி எதற்கு என்று லியோ முதலில் பிடிவாதம் பிடித்தார். கழுத்து வளையும் என்று விற்பனைத் தரப்பினர் வற்புறுத்தியதால் பிறகு இணங்கினார். பெயரிலும் சிக்கல் வந்தது. கிரெட்ஷ் நிறுவனம் தன் மேளங்களுக்கு அதே ஒலிப்புடைய பெயரை வைத்திருந்தது. உடனே ஒட்டுச்சீட்டுகளிலிருந்து அந்தச் சொல்லைக் கத்தரித்துவிட்டு, பெயரில்லாமலே கித்தார்களை அனுப்பினார்கள். 1951-இல் டெலிகாஸ்டர் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் பிரிசிஷன் பேஸும் வந்தது. ஆள் உயரப் பேஸ் வாத்தியத்தைச் சுமந்து அலைந்தவர்களுக்கு அது எத்தகைய விடுதலை! 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். பலகையின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று கலைஞர்கள் முறையிட, உடலை வளைவாகச் செதுக்கிக் கொடுத்தார்கள். தனக்கு வாசிக்கத் தெரியாததால்தான் லியோ வாசிப்பவர்களின் பேச்சுக்கு இவ்வளவு காது கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

வண்ணப்பூச்சைப் பற்றியும் ஒரு சொல். 1950-களின் பிற்பகுதியில் விருப்ப வண்ணம் கேட்டவர்களுக்கு லியோவின் பட்டறை கார்களுக்கு அடிக்கும் சாயத்தையே அடித்துக் கொடுத்தது. நானும் கார் சாயக் கடையில்தான் லாக்கர் வாங்கினேன். நம் ஊர் ஈரக்காற்றுக்கு ஒரு குணம் உண்டு. மழை மேகம் கவிந்த மாலையில் லாக்கர் அடித்தால் வெள்ளை மூட்டம் படரும். காய்ந்த காலை வேளைதான் ஏற்றது. மெல்லிய பூச்சுகளாக அடித்து, சில வாரங்கள் தொங்கவிட்டுக் காயவைத்து, 1000, 2000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும். பொறுமைதான் இதில் பெருஞ்செலவு.

1955-இல் லியோவைக் கிருமித்தொற்று ஒன்று பற்றியது. ஆண்டுக்கணக்கில் அது விடவில்லை. இனி அதிக நாள் இருக்கமாட்டோம் என்று எண்ணி, 1965 ஜனவரியில் நிறுவனத்தை 13 மில்லியன் டாலருக்கு சிபிஎஸ்ஸிடம் விற்றுவிட்டார். சாவை எதிர்பார்த்துத் தன் பெயரையே விற்றுவிட்டார் என்றுகூடச் சொல்லலாம். பிறகு நடந்ததுதான் விந்தை. வேறொரு மருத்துவரிடம் போனார், நோய் குணமாகிவிட்டது! உடல்நலம் திரும்பியது, ஃபெண்டர் என்னும் பெயரோ பிறர் கைக்குப் போய்விட்டது. போட்டித் தொழில் நடத்தக்கூடாது என்னும் ஒப்பந்தம் பத்தாண்டு அவரைக் கட்டிப்போட்டது. சிபிஎஸ் காலத்தில் கித்தார்களின் தரம் சரிந்ததாகக் கலைஞர்கள் குறைபட்டதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கெடு முடிந்ததும் மியூசிக் மேன் நிறுவனத்தில் இறங்கினார். 1979-இல் எஸ்தர் மறைந்தார். அடுத்த ஆண்டு ஃபிலிசை மணந்தார். பழைய தோழர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு ஜி அண்ட் எல் என்னும் புதிய பட்டறையையும் தொடங்கினார். அது இருந்தது ஃபுல்லர்ட்டன் நகரில், ஃபெண்டர் என்று பெயர் கொண்ட தெருவில்! பார்க்கின்சன் நோய் வந்தபோதும் பிக்கப்பையும் பாலத்தையும் திருத்துவதை அவர் நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21 அன்று காலமானார். முந்தைய நாள்வரை பட்டறைக்கு வேலைக்கு வந்தவர் அவர்.