வீட்டுக்கு வந்த தெய்வங்கள்

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் விற்கப்படும் இலட்சுமி, சரஸ்வதி படங்கள் பலவற்றுக்கு முன்னோடி ஓவியர் இராஜா இரவிவர்மா. இவர் 1848இல் திருவிதாங்கூரிலுள்ள கிளிமானூரில் பிறந்தார். சிறுவயதிலேயே திருவனந்தபுரம் அரண்மனைக்கு ஓவியம் பயிலச் சென்றார். அங்கிருந்த இராமசாமி நாயக்கர், எண்ணெய் வண்ணக் கலையைக் கற்றுத்தர மறுத்துவிட்டார். பின்னர் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனோ, தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே அனுமதித்தார். இரவிவர்மா பார்த்தே கற்றுக்கொண்டார்.

அவருடைய ஓவியங்கள் அரண்மனைச் சுவர்களை அலங்கரித்தன. எளிய மக்களுக்கு அவை எட்டவில்லை. அக்காலத்தில் தாழ்த்தப்பட்டோர் பலருக்குக் கோயிலுக்குள் நுழையவும் அனுமதி இல்லை.

1894இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்கள் வந்தன, வல்லுநர்களும் வந்தனர். ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிக் கல்லில் படம் தீட்டி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டனர். ஒரு நிறம் சற்று விலகினாலும் தெய்வத்தின் முகம் கெட்டுவிடும். பொறுமை மிகவும் தேவைப்பட்ட வேலை அது! குறைந்த விலையில் விற்கப்பட்ட அப்படங்கள் சாதாரண வீடுகளின் பூசையிடங்களுக்கும் வந்து சேர்ந்தன.

ஆனால், அச்சகம் கடனில் மூழ்கியது. இரவிவர்மா அதனை ஜெர்மானிய வல்லுநர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அவர் 1906இல் காலமான பின்னரும் அப்படங்கள் அங்கே அச்சாகிக்கொண்டிருந்தன.