எழுத்துக்குள் எண்ணைக் கண்டவர்

கணக்கு என்றாலே முகம் சுளிக்கும் சிறுமியர்கூட, தொடக்கப் பள்ளியில் குறியீட்டுப் புதிர் போட்டால் முந்திக்கொண்டு கை தூக்குவர். அ + அ = 16, அ + ஆ = 11 என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதியதும், அ என்பது 8, ஆ என்பது 3 என விடை வந்துவிடும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தை அமர்த்தும் இவ்வழக்கத்திற்கு ஒழுங்கான முறை வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா வியேத்.

மேற்குப் பிரான்சில் ஃபோன்தனே-லெ-கோந்த் என்னும் ஊரில் 1540ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையைப் போலவே சட்டம் பயின்று 1560இல் பட்டம் பெற்றார். கணிதம் அவருக்குத் தொழிலன்று. ஓய்வு நேரத்தின் உவகை. 1564இல் ஒரு பிரபுவின் இல்லத்தில் பணியேற்று, ஏறத்தாழப் பத்து வயதான கேத்தரின் என்ற சிறுமிக்கு ஆசிரியரானார். கணிதமும் வானநூலும் கற்பித்தார். பெண் பிள்ளைக்கு இவை எதற்கு என்று பலர் எண்ணிய காலம் அது. கேத்தரினோ ஆர்வத்தோடு கற்றுத் தேர்ந்தாள்.

அக்காலத்தில் பிரான்சில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் இடையே போர் மூண்டிருந்தது. வியேத் கத்தோலிக்கர், கேத்தரினின் குடும்பம் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தது. ஆயினும் அவர்களது நட்பு முறியவில்லை. அந்நட்பின் காரணமாகவும் அவர்மீது ஐயம் கொண்ட எதிரிகள், 1584இல் அவரை அரசவைப் பணியிலிருந்து நீக்கச் செய்தனர். பதவி போனதே என்று அவர் சோர்ந்துவிடவில்லை. அடுத்த ஐந்தாண்டுகளையும் கணித ஆராய்ச்சிக்கே அளித்தார். மூன்று நாட்கள் தொடர்ந்து மேசையருகே சிந்தனையில் ஆழ்ந்திருப்பார் என்று அவரை அறிந்தோர் எழுதி வைத்துள்ளனர்.

1589இல் அரசர் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டார். இஸ்பானிய மன்னருக்குச் செல்லும் இரகசியக் கடிதங்கள் வழியில் சிக்கின. நூற்றுக்கணக்கான குறிகளால் எழுதப்பட்ட அவற்றை எவராலும் படிக்க இயலவில்லை. வியேத் பல மாதங்கள் பொறுமையோடு உழைத்து, 1590இல் அப்புதிரை விடுவித்தார். அடுத்தடுத்து வரும் மூன்று எழுத்துகளில் ஓர் உயிரெழுத்தேனும் இருந்தே தீரும் என்பது அவர் கைக்கொண்ட விதிகளுள் ஒன்று. தம் குறியீடு வெளிப்பட்டதை அறிந்த இஸ்பானிய மன்னர், இது மாயவித்தையே என்று திருத்தந்தையிடம் முறையிட்டதாகக் கூறுவர். ஆனால் அங்கே மாயம் ஏதுமில்லை. விதியும் விடாமுயற்சியுமே இருந்தன.

1591இல் தம் புகழ்மிக்க இயற்கணித நூலை வெளியிட்டார். அறியாத எண்களுக்கு உயிரெழுத்துகள், அறிந்த எண்களுக்கு மெய்யெழுத்துகள் என்று அதில் முறை வகுத்தார். அதுவரை ஒவ்வொரு கணக்கும் தனித்தனியே செய்யப்பட்டது. இனி ஒரே சூத்திரம் ஆயிரம் கணக்குகளுக்குப் பொருந்தலாயிற்று. அறியாத எண்ணை எக்ஸ் என்று நாம் எழுதும் வழக்கம், 1637இல் தேக்கார்த் வெளியிட்ட நூலால் பின்னர் பரவியது.

அந்த அரிய நூலை வியேத் காணிக்கையாக்கியது யாருக்கு? தம் பழைய மாணவி கேத்தரினுக்கே! கணிதத்தில் தமக்குள்ள ஈடுபாட்டுக்கு அவளது ஆர்வமே தூண்டுகோல் என்று நன்றியோடு குறிப்பிட்டார். 1603இல் பாரிசில் அவர் மறைந்தார். மாணவி 1631 வரை வாழ்ந்தார்.

அன்புத் தோழியரே, ஆசிரியரால் மாணவி உயர்வது உலகறிந்தது. மாணவியின் ஆர்வத்தால் ஆசிரியரும் உயர்வார் என்பதற்கு வியேத்தின் வாழ்வே சான்று. ஆகவே வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். குறியீட்டுப் புதிரைக் கண்டதும் விடையை ஊகித்துச் சொல்லாமல், எந்த விதி அதைத் திறக்கும் என்று பொறுமையாகத் தேடுங்கள். அரசர்களின் இரகசியத்தைத் திறந்ததும் அதே திறவுகோல்தான்.