உழவர் தலைவர் என். ஜி. ரங்கா

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி நின்று வடக்கே நோக்குவோர்க்கு நகரி மலைத்தொடர் தெரியும். இன்று இடையில் மாநில எல்லை ஓடுகிறது. எல்லை பிறவாத காலத்தில் அப்பக்கத்து ஊர்களும் இப்பக்கத்து ஊர்களும் கார்வேட்டிநகர் ஜமீனில் அடங்கியிருந்தன. உழுதவர் ஒருவர்; உழவின் பயனில் பெரும்பங்கைப் பெற்றவர் வேறொருவர். அதற்கும் வடக்கே பரந்திருந்த வெங்கடகிரி ஜமீனிலும் உழவர் நிலை அதுவே. அந்த வெங்கடகிரி உழவர்களைத் திரட்டி 1930களில் போராடியவர் என். ஜி. ரங்கா.

கோகினேனி ரங்கநாயகுலு என்பது அவரது முழுப்பெயர். குண்டூர் மாவட்டத்து நிடுப்ரோலு என்னும் சிற்றூரில், வேளாண் குடும்பத்தில், 1900 நவம்பர் 7ஆம் நாள் பிறந்தார். இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டில் பொருளியல் பயின்றார். திரும்பியதும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். நிலையான ஊதியமும் நகர வாழ்வும் கிட்டியிருந்தும் அவரது மனம் வரப்பை விட்டு அகலவில்லை. காந்தியடிகளின் அழைப்பை ஏற்று 1930இல் விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். அவ்வாண்டே மத்திய சட்டமன்றத்திலும் உறுப்பினரானார். நிடுப்ரோலுவில் உழவர்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். உழவருக்காகப் பிறர் பேசுவதைவிட உழவரே பேசக் கற்கவேண்டும் என்பது அவரது எண்ணம். 1936இல் அனைத்திந்திய உழவர் சங்கம் லக்னோவில் உருவானபோது, சுவாமி சகஜானந்தர் தலைவராகவும் ரங்கா பொதுச் செயலாளராகவும் பொறுப்பேற்றனர்.

விடுதலை வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஜமீன்முறை ஒழிந்தது. ரங்கா அப்போது ஆந்திரக் காங்கிரசின் தலைவர். ஆயினும் 1951இல் அத்தலைமைக்கான தேர்தலில் நீலம் சஞ்சீவ ரெட்டியிடம் தோற்றார். பிரகாசத்துடன் காங்கிரசை விட்டு வெளியேறினார். விரைவில் பிரகாசத்தையும் பிரிந்து, கிருஷிகார் லோக் கட்சி என உழவர் பெயரிலேயே ஒரு கட்சியை அமைத்தார். இவ்விலகலில் கொள்கை எவ்வளவு, தோல்வியின் கசப்பு எவ்வளவு எனப் பிரித்தறிவது எளிதன்று. இரண்டும் இருந்தன எனக் கொள்வதே நேர்மை. 1952 தேர்தலில் அக்கட்சி சென்னைச் சட்டமன்றத்தில் 15 இடங்களைப் பெற்றது. 1955 ஆந்திரத் தேர்தலில் பொதுவுடைமைக் கட்சியை எதிர்க்கக் காங்கிரசுடன் கூட்டுச் சேர்ந்தது. பின்னர் ரங்கா தாய்க்கட்சிக்கே திரும்பினார்.

திரும்பியவர் நெடுநாள் நிலைக்கவில்லை. 1959 சனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டுறவு முறையில் பயிரிடும் திட்டத்தை ஏற்றது. நேரு அதனை நாட்டின் வளர்ச்சிக்குரிய வழியாகக் கண்டார். ரங்காவோ, ஜமீன்தாரிடமிருந்து மீட்ட நிலத்தை உழவன் அரசிடம் இழக்கும் வழியாகக் கண்டார். ஆளுங்கட்சியின் நாடாளுமன்றக் குழுச் செயலாளராயிருந்த அவர் பொறுப்பைத் துறந்து வெளியேறினார். அவ்வாண்டு சூன் மாதம் சென்னையில் இராஜாஜி முன்னின்று அறிவித்த சுதந்திராக் கட்சிக்கு ரங்காவே முதல் தலைவரானார்.

இங்கேதான் அவரது வாழ்வின் பெரும் முரண் நிகழ்ந்தது. சிறுநில உழவரின் உரிமையைக் காக்க எழுந்த அக்கட்சியில் பழைய அரசர்களும் ஜமீன்தார்களும் தொழிலதிபர்களும் வந்து நிறைந்தனர். வெங்கடகிரியில் ஜமீனை எதிர்த்தவர், முன்னாள் ஜமீன்தார்களுடன் ஒரே மேடையில் அமர நேர்ந்தது. அவர் சொந்த நிலமுடைய உழவரையே எண்ணினார், நிலமற்ற கூலியாளரை மறந்தார் என்ற குறையும் அவர்மீது சொல்லப்பட்டது. அக்குறையை முற்றிலும் தள்ளிவிட இயலாது.

1962 பொதுத்தேர்தலில் ரங்கா தோற்றார். சித்தூர்த் தொகுதியில் வென்றிருந்த அனந்தசயனம் ஐயங்கார் பீகார் ஆளுநராகச் சென்றதால் அங்கே இடைத்தேர்தல் வந்தது. திருத்தணி வட்டம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. எல்லைக்கு அப்பால் எஞ்சியிருந்த அம்மண்ணின் மக்கள், கடலோரக் குண்டூரிலிருந்து வந்த ரங்காவைத் தேர்ந்தெடுத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1967இல் ஸ்ரீகாகுளத்தில் வென்றார்; சுதந்திராக் கட்சியும் மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது.

அந்த ஏற்றம் நீடிக்கவில்லை. 1971 தேர்தலில் கட்சியும் வீழ்ந்தது, ரங்காவும் வீழ்ந்தார். பின்னர் அவர் இந்திரா காந்தியின் காங்கிரசில் சேர்ந்தார். முன்னைய விலகல்களுக்கு நிலத்தைக் காரணமாகக் காட்ட முடிந்தது. இம்முறை அத்தகைய காரணம் எதுவும் தெளிவாகப் புலப்படவில்லை. எனினும் நாகபுரித் திட்டம் அதற்குள் வழக்கொழிந்துவிட்டது. உழவர் நிலம் உழவரிடமே இருந்தது.

1980 முதல் 1991 வரை குண்டூர்த் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் 1985இல் நிறைவேறியபோது, மும்முறை கட்சி துறந்த அம்முதியவரும் மக்களவை உறுப்பினர். 1930இல் தொடங்கிய அவரது நாடாளுமன்றப் பணி, இடையிடையே விட்டும் தொடர்ந்தும், 1991இல் முடிந்தது. அவ்வாண்டே பத்மவிபூஷண் விருது பெற்றார். 1995 சூன் 9ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டு ஆந்திர வேளாண் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.